முட்டையிடாத கோழி

"ஒரு கோழிக்காக இரண்டு இரவு கண்விழித்தவர்" என்று எங்கள் தோட்டத்தில் எனக்கு ஒரு பெயர் இப்பொழுது வழங்கி வருகிறது. பெயர் உண்மையானதே, மறுப்பதற்கில்லை. ஆனால் அதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் எந்த நியாயத்தைக் கொண்டு சிரிக்கிறார்கள் என்பதைச் சற்று ஆராய்ந்து பார்க்கலாமென்று இதனை எழுதத் துணிந்தேன். ஆராயப் புகுந்த பின்னர் அவர்களைக் காட்டிலும் நானே அதிகக் குற்றவாளியாக நிற்க நேர்ந்தது. அதையும் மறைக்கப் போவதில்லை.

என் மகளுக்கு எட்டு வயது. அவள் வளர்ப்பது ஒரு கம்பத்துக் கோழி. நிறத்தை வைத்துச் செவலை என்று அழைப்பாள். அவள் பள்ளியிலிருந்து திரும்பும் நேரம் அதற்குத் தெரியும். வாசற்படியில் வந்து நிற்கும். சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலை அது கூட்டைவிட்டு வெளியே வரவில்லை. வால் தொங்க, இறகு சிலிர்க்க, கால்களை அகற்றி நின்றுகொண்டு முக்கியது. தீனியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பக்கத்து லயத்திலுள்ள பாட்டி வந்து அதன் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தார். முப்பத்தைந்து ஆண்டு பால்மரம் சீவிய கை அது. "முட்டை அடைத்துக்கொண்டது, ஐயா. அமுக்கிவிடாதீர்கள், உள்ளே உடைந்தால் கோழி பிழைக்காது" என்றார். பட்டணத்து மிருக வைத்தியரைத் தொலைபேசியில் கேட்டதற்கு அவரும் அதையே சொன்னார்; சுண்ணாம்புச் சத்து மருந்தொன்றை அலகின் ஓரத்தில் துளித்துளியாக விடச் சொன்னார். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து, வயிறு நனையும்படி இருபது நிமிடம் அதில் கோழியைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பிறகு விளக்கெண்ணெய் தடவி, பழைய துவாலையில் சுற்றி, சமையலறை மூலையில் வெளிச்சம் படாத இடத்தில் அட்டைப் பெட்டியில் வைத்தோம். நாளைக்கு மூன்று முறை இப்படி. இரண்டாம் இரவு மூன்று மணிக்கு முட்டை வெளிவந்தது. ஓடு சரியாகப் பிடிக்காமல் தோலைப்போல் இருந்தது.

செவலை பிழைத்தது. ஆனால் அன்று முதல் முட்டையிடவில்லை.

இங்கேதான் கேள்வி எழுந்தது. "இனி அதற்குத் தீனி எதற்கு?" என்று கேட்டவர்கள் பலர். அதை முனியாண்டிக்கு நேர்ந்துவிடலாமே என்றார் ஒருவர். நோய்ப்பட்ட கோழி சாமிக்கு ஆகாது, குறையில்லாத கோழியாகத்தான் வேண்டும் என்று மற்றொருவர் அவரைத் திருத்தினார். தெய்வமும் செக்ரோல் பார்த்தே பிரதி வாங்கிக்கொள்கிறது போலும்!

நிற்க. "எதற்கு?" என்னும் இந்தச் சிறு சொல்லை நாம் எவ்வளவு எளிதாக வழங்குகிறோம்! கோழிக்கு இந்த நோய் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தால் அச்சொல் தொண்டையில் நிற்கும். ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு பிடிப்பதற்கே செல்கிறது. ஓட்டில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீனியில் கிடைக்காத பங்கைக் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறது. செம்பனைக் காட்டில் விடியற்காலையில் கூவுகிற காட்டுக்கோழி நம் வீட்டுக் கோழியின் மூதாதை இனம். அது ஆண்டொன்றுக்குப் பத்துப் பதினைந்து முட்டையோடு நிறுத்திக்கொள்ளும். பண்ணைக் கோழியை நாம் ஏறத்தாழ 300 முட்டை இடும்படி ஆக்கிவைத்திருக்கிறோம். கம்பத்துக் கோழி அவ்வளவு இடாதெனினும் காட்டிலிருந்த அளவோடு அதுவும் நிற்பதில்லை. ஆகவே செவலை நோயுற்றது சோம்பலால் அன்று, உழைத்ததனால். அந்த உழைப்பை அதன் உடம்பில் ஏற்றியவர் நாம்.

தாய்லாந்தில் பான் நோன் வாட் என்னுமிடத்தில் தோண்டியெடுத்த கோழி எலும்புகள் கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டவை என்றும், தானியம் விளைந்த இடத்தைத் தேடியே காட்டுக்கோழி மனிதனிடம் வந்து சேர்ந்தது என்றும் 2022-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. அதைப் படித்தபோது எனக்கு வேறொரு கூட்டத்தின் நினைவு வந்தது. அரிசிக்காகக் கடல் கடந்து வந்தவர்கள் நம் முன்னோர்.

ரோமாபுரியில் கேட்டோ என்றொரு பெரியவன் இருந்தான், கி.மு. 149-இல் இறந்தவன். வேளாண்மையைப் பற்றி அவன் எழுதிய நூல் இன்றும் கிடைக்கிறது. பண்ணை முதலாளி எவற்றையெல்லாம் விற்றுவிட வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் தருகிறான். கிழ எருது, பழைய வண்டி, தேய்ந்த கருவிகள், வயதான அடிமை, நோயுற்ற அடிமை ஆகிய யாவும் ஒரே பட்டியலில் வருகின்றன. சுமார் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் அவன் வரலாற்றை எழுதிய கிரேக்கர் புளூட்டார்க், அவனுடைய குணங்கள் பலவற்றைப் புகழ்ந்தாலும், இவ்விடத்தில் பொறுக்க மாட்டாமல் நின்றுவிடுகிறார். தம்மிடம் உழைத்துக் கிழமான எருதைக்கூடத் தாம் விற்கத் துணியமாட்டார் என்றும், கிழவனான மனிதனை விற்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்றும் சொல்கிறார். எருதிலிருந்து மனிதனுக்கு அவர் ஏறிச் செல்லும் வழியைக் கவனியுங்கள். கேட்டோ மனிதனை எருதின் வரிசைக்கு இறக்கினான். புளூட்டார்க்கோ எருதுக்கே செய்யத் தகாததை மனிதனுக்கு எப்படிச் செய்வது என்று கேட்கிறார்.

கேட்டோவின் பட்டியல் ரோமாபுரியோடு முடிந்துவிட்டதா? ரப்பர் விலை வீழ்ந்த 1930 முதல் 1932 வரையில் மலாயாத் தோட்டங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளர் பல பதினாயிரவர் திரும்பக் கப்பலேற்றப்பட்டனர். 1934-இல் விலை தேறியதும் மறுபடியும் ஆள் வரவழைக்கப்பட்டது. "முட்டை வைக்காத கோழிக்குத் தீனி எதற்கு?" என்ற கேள்வி அன்று நம் பாட்டன்மாரைப் பார்த்துக் கேட்கப்பட்ட கேள்வியே. அவர்களுடைய பேரப் பிள்ளைகளாகிய நாம் அதைக் கோழியைப் பார்த்துக் கேட்கிறோம், வேறுபாடு அவ்வளவுதான்.

"நீர் கோழிக்கறி தின்பவர்தானே?" என்று கேட்கலாம். தின்பவன்தான். வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் வைத்தார். இரண்டிலும் நான் தேறாதவன். கடையில் வாங்கும் கோழிக்கு நான் எதுவும் வாக்களிக்கவில்லை, செவலை எங்களை நம்பி வாசலில் நிற்கிறது என்று ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது எனக்கே முழுத் திருப்தி தரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகள் கறி வேண்டாமென்றாள். நான் தின்றேன்.

இதனினும் வலிய தடை ஒன்றுண்டு. மனிதர் துன்பப்படும்போது கோழிக்கு வைத்தியமா என்பதே அது. இப்படிக் கேட்பவர்களிற் பெரும்பாலோர் மனிதருக்கும் ஒன்றும் செய்வதில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நம் பழைய நூலொன்றே அவ்வாறு தப்பவிடுவதில்லை. மயிலுக்குப் போர்வை கொடுத்த வையாவிக் கோப்பெரும் பேகனை நாமெல்லோரும் அறிவோம். கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்று பள்ளியிலேயே படித்தோம். பள்ளியில் சொல்லாமல் விட்டது மற்றொன்று. அந்தப் பேகன் தன் மனைவி கண்ணகியைக் கைவிட்டு வேறொருத்தியை நாடியிருந்தான் (சிலப்பதிகாரக் கண்ணகி வேறு). அவள் அழுத கண்ணீரைத் துடைக்கச் சொல்லிக் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வர் அவனிடம் போய்ப் பாடவேண்டியிருந்தது. அப்பாட்டுக்கள் புறநானூற்றில் உள்ளன. மயில் குளிரில் நடுங்குமென்று கண்டவனுக்குத் தன் வீட்டில் அழுதவளைக் காண நால்வர் வேண்டியிருந்தது.

எனக்கு ஒருவர் போதுமானதாயிற்று.

முட்டை வெளிவந்த இரவுக்கு முந்திய மாலை, எண்ணெய்க் கையோடு பெட்டியருகில் நான் உட்கார்ந்திருக்கையில், பாட்டி முந்தானையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, "இங்கிலீஷில் இருக்கிறது, ஐயா, படித்துச் சொல்லுங்கள்" என்று நீட்டினார். உறையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை நானே தட்டச்சு செய்த கடிதம் அது. செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்த அவர் மகனுக்கு முதுகெலும்பில் கோளாறு ஏற்பட்டு வேலை நின்றுவிட்டது. வேலை நின்றதனால் வீடு வேண்டியிருக்கிறது. மூன்று மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். இத்தகைய கடிதங்கள் ஆண்டுக்கு நான்கைந்து வரும். பெயரையும் லயத்தின் எண்ணையும் மாற்றினால் போதும். தட்டச்சு செய்கையில் என் விரல் எங்கும் தயங்கியதாக எனக்கு ஞாபகமில்லை. அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டேன் என்பது ஞாபகமிருக்கிறது.

படித்துச் சொன்னேன். எழுதியவன் நான் என்பதையும் சொன்னேன். பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, வீட்டின் பின்னாலிருக்கும் முருங்கை மரத்தை வெட்டிவிடுவார்களா என்று கேட்டார். தெரியாது என்றேன். அதன்பின் கோழியின் வயிற்றைத் தடவிப் பார்த்து, வெந்நீர் ஆறிவிட்டதென்று மகளை அனுப்பினார். மறுநாள் விடியற்காலம் மூன்று மணிவரை எங்களோடேயே உட்கார்ந்திருந்தார்.

கோழிக்கு இரங்கியது பிழையென்று நான் இன்றும் எண்ணவில்லை. ஆனால் கோழியின் நோய் எங்கிருந்து வந்ததென்று எலும்புவரை ஆராய்ந்தவனுக்கு அந்த மனிதனுடைய முதுகு எதனால் வளைந்தது என்று கேட்கத் தோன்றவில்லையே! அவன் வெட்டிய குலைகளின் கணக்கு என் கையெழுத்தில் மாதந்தோறும் இருக்கிறது. கணக்கு எழுதுகிறவனுக்கு எண் தெரியும். எண்ணுக்குப் பின்னாலுள்ள ஆள் தெரிவதில்லை என்று சொல்லலாம். என் நிலையில் அதுவும் பொய். ஆளை எனக்கு நன்றாகவே தெரியும். பெரட்டுக்கு அவன் என் வாசல் வழியாகத்தான் போவான்.

ஆண்டு முடியும்வரை வீட்டை அவர்களுக்கு விட்டுவைக்க வேண்டுமென்று ஒரு விண்ணப்பம் எழுதி, பாட்டியின் கைநாட்டோடு மானேஜரிடம் கொடுத்திருக்கிறேன். தலைமை நிலையத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். கிராணி இதிலெல்லாம் தலையிடுவது வழக்கமில்லை என்பதையும் கூடவே சொன்னார். பதில் இன்னும் வரவில்லை.

பாட்டியின் மகன் பட்டணத்தில் அடுக்குமாடி வீடொன்றைப் பார்த்து வைத்திருக்கிறான், ஏழாவது மாடி. அங்கே கோழி வளர்க்க முடியாது. தம்முடைய மூன்று கோழிகளையும் செவலையோடு சேர்த்துக்கொள்ளும்படி பாட்டி என் மகளைக் கேட்டிருக்கிறார். அவற்றில் ஒன்று ஓராண்டாக முட்டையிடுவதில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.