உடைத்தேன், உடைந்தது

இத்தாலிய மொழி கற்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. வினைச்சொல்லில்தான் உயிர் போகிறது. 'ஓ ரொத்தோ இல் பிக்கியேரே' என்றால் நான் கிளாஸை உடைத்தேன். 'இல் பிக்கியேரே சி எ ரொத்தோ' என்றால் கிளாஸ் உடைந்தது. துணைவினையே மாறிவிடுகிறது. 'உடை' என்ற ஒரே வேரை வைத்து நாமும் இதைத்தானே செய்கிறோம் என்று தெம்பாக இருந்தேன்.

அப்புறம் மூன்றாவது வந்தது: 'மி சி எ ரொத்தோ இல் பிக்கியேரே'. கிளாஸ் தானாகத்தான் உடைகிறது. ஆனால் 'எனக்கு' என்று ஒரு 'மி' முன்னால் நிற்கிறது. வேண்டுமென்று செய்யவில்லை, ஆனாலும் வாக்கியத்தை விட்டு ஓடிவிட முடியாது.

அப்பா போன பிறகு அவருடைய மூக்குக்கண்ணாடியை அம்மா பத்திரமாக வைத்திருந்தார். ஒருநாள் துடைக்க எடுத்தேன், கை நழுவிவிட்டது. "உடைஞ்சிடுச்சும்மா" என்றேன். பொய்யில்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் நான் எங்கே?

தன் தவறே இல்லாமல் ஒரு குழந்தையின் மேல் வண்டியை ஏற்றிவிட்ட லாரி ஓட்டுநரைப் பற்றி 1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸ் எழுதினார். பார்த்தவர்களுக்கும் வருத்தம்தான். ஆனால் ஓட்டுநரின் வருத்தம் வேறு. அது அவருக்கு வராவிட்டால் அவரிடம் ஏதோ குறை என்றுதான் நினைப்போம். குற்றமும் இல்லை, விடுதலையும் இல்லை. அந்த இடத்தில்தான் 'மி' நிற்கிறது.

தமிழில் இதற்கு வழியில்லாமல் இல்லை. "என்னால உடைஞ்சிடுச்சும்மா" என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். மொழி அதைக் கொடுத்துத்தான் இருந்தது, நான்தான் விழுங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசும்போது சொல்லிவிட வேண்டும்.