யார் வந்து கதவைத் தட்டுவது?

கம்போங் மேடான் மாமாக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "அவன் வீட்டுக்குக் கீழ அல்ஃபார்ட் நிக்குது. அவனுக்கு எதுக்கு தம்பி பிபிஆர் வீடு?" சொல்பவர் பெரும்பாலும் சொந்த வீடு இல்லாதவர். அந்தக் கோபத்தைப் பொறாமை என்று என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

நலத்திட்ட மோசடி என்றதும் பணம்தான் நினைவுக்கு வரும். ஆனால், மலேசியாவில் ஏழைகளுக்கான மாத உதவித்தொகையை ஊராட்சி மன்றங்கள் கொடுப்பதில்லை. அது சமூகநல இலாகாவின் வேலை. மாநகர் மன்றத்தின் கையில் இருப்பது வீடு. எங்கள் பகுதியிலிருந்து நியூ பந்தாய் நெடுஞ்சாலையில் போய் சிலாங்கூர் எல்லையைத் தாண்டினால் பந்தாய் டாலாம். அங்கே உள்ள பிபிஆர் அடுக்குமாடிகளை நிர்வகிப்பது டிபிகேஎல். மாத வாடகை 124 வெள்ளி. யார் பெயரில் வீடு கொடுக்கப்பட்டதோ அவர்தான் குடியிருக்க வேண்டும், இன்னொருவருக்கு வாடகைக்கு விடக்கூடாது. ஆனாலும் விடுகிறார்கள். அவ்வப்போது சோதனை நடக்கும், நோட்டீஸ் வரும், சிலரிடமிருந்து வீடு திரும்ப எடுக்கப்படும்.

"கவர்மெண்ட்டதானே ஏமாத்துறான், விடு லா" என்று சொல்பவர்களும் உண்டு. இதை நான் ஏற்கவில்லை. 124 வெள்ளி வீட்டை வெளிச் சந்தை விலைக்கு விடுபவர், வரிசையில் காத்திருக்கும் அடுத்த குடும்பத்தின் இடத்தை விற்கிறார். அந்தக் குடும்பத்தின் முகம் அவருக்குத் தெரியாது. முகம் தெரியாதவரிடம் எடுக்கும்போது அது திருட்டு மாதிரியே தோன்றுவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால், இரண்டு பேரைக் கற்பனை செய்து பாருங்கள். ஒருவர் பூச்சோங்கில் டெரஸ் வீடு வாங்கிக் குடிபோய்விட்டு, பிபிஆர் வீட்டில் மாதாமாதம் வாடகை வசூலிக்கிறார். இன்னொருவர் கிள்ளானில் படுக்கையில் கிடக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போய், எட்டு மாதமாகத் திரும்ப முடியாமல், வீட்டைத் தங்கச்சி மகளிடம் விட்டிருக்கிறார். அவள் செலவுக்கு ஏதோ கொடுக்கிறாள். கோப்பில் இருவருக்கும் ஒரே வரிதான்: 'பதிவு பெற்றவர் வீட்டில் இல்லை.'

நான் ஓர் எஞ்சினியர். அலாரம் கருவிகளோடு பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். எந்தக் கருவியும் இரண்டு விதமாகத் தவறும். நெருப்பு இருந்தும் அடிக்காது, இல்லாமலும் அடிக்கும். ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். எந்தத் தவறு பரவாயில்லை என்பதைக் கருவி சொல்லாது, நாம்தான் முடிவெடுத்து செட் பண்ண வேண்டும். வீட்டு விஷயத்தில் இரண்டு தவறுமே ஒரு குடும்பத்தைத்தான் அடிக்கிறது. ஏமாற்றுபவரை விட்டுவிட்டால் வரிசையில் ஒரு குடும்பம் இன்னும் காத்திருக்கும். அப்பாவியை வெளியேற்றினால் ஒரு குடும்பம் தெருவுக்கு வரும். ஆனால், தப்பித்தவரை அடுத்த மாதம்கூடப் பிடிக்கலாம். வெளியேற்றிய பிறகு அந்த வீட்டில் வேறொரு குடும்பம் சாமி படத்தை மாட்டியிருக்கும். அதைத் திருப்ப முடியாது. திருப்ப முடியாத தவறுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்பது என் கணக்கு.

கணினியிடம் விட்டால் என்ன? நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகராட்சி 2017 முதல் 2021 வரை அதைத்தான் செய்தது. உதவித்தொகை பெறுபவர்களில் யாரை விசாரிப்பது என்று கணினி மதிப்பெண் போட்டது. வயது, பாலினம், டச்சு மொழித் திறன் என 300க்கும் மேற்பட்ட தகவல்கள் அதற்குத் தரப்பட்டன. 2023இல் பத்திரிகையாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தபோது, பெண்ணாக இருப்பதும் டச்சு சரளமாகப் பேசாததும் சந்தேகத்தைக் கூட்டியது தெரிந்தது. முன்பு நடந்த விசாரணைகளின் பதிவுகளை வைத்துத்தான் அந்தக் கணினி பழக்கப்பட்டது. பழைய சந்தேகங்கள் எண்களாகத் திரும்பி வந்தன.

அப்படியென்றால் ஊரை அறிந்தவர்களே விசாரிக்கட்டும் என்று தோன்றும். கிள்ளானில் அம்மா படுத்திருப்பது பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரியும், புத்ராஜெயாவுக்குத் தெரியாது. உண்மைதான். ஆனால், அருகில் இருப்பவருக்கு நம் கஷ்டம் மட்டுமா தெரியும்? எந்தக் கட்சிக்கொடி கட்டினோம், யாரோடு சண்டை போட்டோம் என்பதும் தெரியும். 2001 மார்ச்சில், அடுத்தடுத்த வீடுகளில் நடந்த ஒரு கல்யாணமும் ஒரு சாவும் சச்சரவாகி, அதிலிருந்து தொடங்கியதாகச் சொல்லப்படும் கலவரத்தில் இங்கே 6 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள். அருகில் இருப்பது மட்டுமே நியாயத்தைக் கொண்டுவராது என்று எங்கள் ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆக, தூரத்தில் இருப்பவருக்குக் கண் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவருக்குப் பாரபட்சம். இரண்டுக்கும் நடுவில் ஜனநாயகம் ஒரு வழி வைத்திருக்கிறது. பக்கத்தில் இருப்பவரே விசாரிக்கட்டும், ஆனால் தப்பாக நடந்தால் நாம் அவரை மாற்ற முடிய வேண்டும். அந்த வழி இங்கே அடைபட்டுக் கிடக்கிறது. 1952இல் நகராண்மைத் தேர்தல் கண்ட கோலாலம்பூரில் இன்று டத்தோ பண்டார் நியமிக்கப்படுகிறார். தீபகற்பத்தின் மற்ற ஊராட்சி மன்றங்களில் 1965இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டித் தேர்தல் நிறுத்தப்பட்டது. ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையம், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள்தான் வேண்டும் என்றது. கேட்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் நியமனத்தையே நிரந்தரமாக்கியது. பெட்டாலிங் ஜெயாவின் கவுன்சிலரை இன்றும் மாநில அரசுதான் நியமிக்கிறது.

நம்மிடம் கணக்குக் கேட்பவர்களை நாம் கணக்குக் கேட்க முடியாது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பொய் சொல்லி வீட்டை வைத்திருப்பவர் செய்வது தவறு. அவரைக் கண்டுபிடிக்கும் வேலை மாநகர் மன்றத்துடையது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், 'நீ பொய்யன்' என்று ஒரு குடும்பத்தைப் பார்த்துச் சொல்லும் அதிகாரம் சும்மா வரக்கூடாது.

தேர்தல் எப்போது திரும்பும் என்று தெரியாது. அதுவரைக்கும் செய்யக்கூடியவை உண்டு. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுக்கலாம், அவருக்குப் புரியும் மொழியில். மன்றத்தைச் சேராத ஒருவர் முன்னால் அவர் பேச ஒரு நாள் கொடுக்கலாம். அந்த நாள் முடியும்வரை பூட்டை மாற்றாமல் இருக்கலாம். இதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம். பூச்சோங்கில் வீடு வாங்கியவர் அந்த ஒரு நாளில் தப்பிவிட மாட்டார். கிள்ளானில் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்த ஒரு நாள்தான் வீடு.