வளைவில் ஒன்றரை விநாடி

1

“உனக்குக் கார் வேணுமா, நமக்குக் கார் வேணுமா?”

போன வருஷம் ஒரு சனிக்கிழமை ராத்திரி மனைவி இப்படிக் கேட்டாள். நான் லேப்டாப்பில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினோரு கார்கள். குதிரைத்திறன், டார்க், எடை, விலை என வரிசையாகப் பத்திகள். எல்லாமே மேனுவல் கியர். அவள் ஒரு நிமிஷம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பின்சீட்டைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே” என்றாள்.

எங்களிடம் இருந்தது மறைமலை நகரில் செய்யப்பட்ட பழைய ஃபிகோ. பன்னிரண்டு வருஷம் ஓட்டியாகிவிட்டது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்து, அடுத்த வருஷம் மறைமலை நகரில் கடைசி வண்டியும் வெளியே வந்த பிறகு, அதை விற்க எனக்கு மனசே வரவில்லை. வேகமான வண்டி ஒன்றும் இல்லை. ஆனால் அதன் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் ரோடு எப்படி இருக்கிறது என்பதை உள்ளங்கைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அடுத்ததும் அப்படி ஒன்றாக, கூடவே நாலு பேர் உட்காரும்படி இருக்கவேண்டும் என்பதுதான் என் தேவை. “கூடவே” என்கிற சொல்லில்தான் சிக்கல் இருந்தது. அது எனக்குப் புரியச் சில மாதங்கள் ஆயின.

2

முதலில் என் தரப்பு. ஜிஎஸ்டி ரோட்டில் தினமும் போய்வருகிற ஒருவன் மேனுவல் கியர் கேட்பதற்கு நியாயமான காரணம் எதுவும் கிடையாது. இரும்புலியூரிலிருந்து வண்டலூர் வருவதற்குள் கிளட்சை எத்தனை தடவை மிதித்தோம் என்று இடது முட்டி கணக்கு வைத்திருக்கும். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் திறந்த பிறகு கேட்கவே வேண்டாம். மேனுவல்தான் மைலேஜ் தரும் என்ற பழைய வாதமும் இப்போது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. நல்ல சிவிடி பெட்டி பல இடங்களில் மனிதனைவிடக் கெட்டிக்காரத்தனமாக விகிதத்தைத் தேர்ந்தெடுக்கிறது.

மிச்சம் இருக்கும் ஒரே காரணம் சந்தோஷம். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாகத் தட்டி, இன்ஜினின் சுழற்சியையும் சக்கரத்தின் சுழற்சியையும் பொருத்தி, கிளட்சை விட்டால் ஒரு உலுக்கல்கூட இல்லாமல் வண்டி ‘சரி’ என்று சொல்லும். அந்த ஒரு நொடிக்காகத்தான் இவ்வளவும்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். ஒரு நாளில் நான் செய்வது எதுவும் என் கையில் படுவதில்லை. இப்போது நான் எழுத நினைக்கும் வரியையும் எனக்கு முன்னால் இயந்திரமே எழுதிவிடுகிறது; நான் சரிபார்க்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். தப்பு செய்தால் மூன்று நாள் கழித்து எங்கேயோ ஒரு சர்வரில் தெரியவரும். கியரில் தப்பு செய்தால் உடனே தெரியும். அந்த உடனடி நேர்மைக்கு நான் ஏங்குகிறேன்.

மாத்யூ க்ராஃபோர்ட் இதைப் பற்றி இரண்டு புத்தகங்கள் எழுதியிருக்கிறார். 2009இல் ‘ஷாப் கிளாஸ் அஸ் சோல்கிராஃப்ட்’, 2020இல் ‘வை வி டிரைவ்’. அரசியல் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்தவர். பொருட்களோடு நேரடியாக மல்லுக்கட்டும்போதுதான் மனிதன் தன் திறமையையும் தன் எல்லையையும் அறிகிறான், எல்லாவற்றையும் தானியங்கியிடம் ஒப்படைத்தால் அந்த அறிதலை இழக்கிறோம் என்பது சுருக்கமாக அவர் வாதம். எனக்கு அது வேதம் மாதிரி இருந்தது. மனைவியிடம் பத்து நிமிஷம் விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “அதெல்லாம் சரி. நீ ஸ்டீயரிங் பக்கம் இருக்கிற வரைக்கும் சரி.”

3

பெரியப்பா பெருங்களத்தூரில் இருக்கிறார். ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸில் வேலை பார்த்தவர். பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவே, இப்போது ஐடி பூங்காவும் அடுக்குமாடிகளும் நிற்கிற இடத்தில்தான் அந்தத் தொழிற்சாலை இருந்தது. கார் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் அவருக்குக் காபிகூட வேண்டாம்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இங்கே 1961இல் வந்தது. மூலம், 1959இல் பிரிட்டனில் வெளியான ட்ரையம்ப் ஹெரால்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கலோட்டி வரைந்த உடல், 948 சிசி இன்ஜின், அம்பாசடரும் ஃபியட்டும் நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்குச் சின்ன வட்டத்தில் திரும்பும் முன்சக்கரங்கள், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். இரண்டே கதவு. ஓட்டுகிறவனை மனசில் வைத்துச் செய்த வண்டி.

“ஆனா நம்ம ஊர்ல கார்னா ஒருத்தன் போறதா? பாட்டி, அத்தை, குழந்தைங்க, சீர்வரிசை எல்லாம் போகணும். முன்சீட்டை மடக்கிப் புடவையோட பின்னால ஏறிப் பாரு தெரியும்” என்றார் பெரியப்பா.

அதனால் இந்தியாவில் மட்டும் ஹெரால்டுக்கு நான்கு கதவு வந்தது. 1960களின் இறுதியில் வந்த மார்க் 3. பிரிட்டனில் கடைசிவரை நான்கு கதவு ஹெரால்டு கிடையாது. அந்த இரண்டு கூடுதல் கதவுகள் நம்ம வண்டலூர்ச் சரக்கு. அடுத்தது சஸ்பென்ஷன். பின்பக்கம் இருந்தது ஸ்விங் ஆக்சில். பின்சீட்டில் ஆள் ஏற ஏறச் சக்கரங்களின் சாய்வு மாறும். டயர் ஒரு பக்கமாகத் தேயும். இங்கே அதை வாங்கியவர்களுக்கும் பிடிக்கவில்லை, மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. 1970களில் கெஸல் என்று பெயர் மாறி வந்தபோது பின்பக்கம் சாதாரண நேர் ஆக்சிலாகிவிட்டது.

நான் இதை ஒரு சோகக் கதையாகத்தான் கேட்டேன். நல்ல ஓட்டுநர் காரை நம் குடும்பங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாதுவாக்கிவிட்டன என்று. பெரியப்பா அப்படிச் சொல்லவில்லை. “டேய், அந்த ரெண்டு கதவு போட்டப்புறம்தான் எங்கம்மா முதல் தடவை அந்த வண்டியில ஏறினாங்க” என்றார்.

4

என் அம்மா செங்கல்பட்டில் இருக்கிறார். தாம்பரம் வருவதென்றால் மின்சார ரயில்தான். “நான் வந்து கூட்டிட்டு வரேம்மா” என்றால், “எதுக்குடா பெட்ரோலுக்குத் தண்டம், ட்ரெயின்லயே வந்துடறேன்” என்பார். அம்மாவின் சிக்கனம் என்றே பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ப்ரெட்ஷீட் சண்டையின் இரண்டாம் பாகத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. அம்மாவுக்கு என் காரில் வந்தால் தலைசுற்றும், குமட்டும். மூன்று வருஷம் முன்னால் ஏலகிரி போனபோது பாதி மலையில் வண்டியை நிறுத்தச் சொன்னதை வயசு என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வரும்போதெல்லாம் கைப்பையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். என்னிடம் சொல்லக்கூடாது என்று மனைவியிடம் சொல்லியும் இருக்கிறார். “அவனுக்கு வண்டி ஓட்டறதுதான் ஒரே சந்தோஷம், பாவம்.”

அந்தப் “பாவம்” என்ற சொல் இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

கார் குமட்டல் ஏன் வருகிறது? காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்வதும், கண் சொல்வதும், மூளை எதிர்பார்ப்பதும் ஒத்துப்போகாதபோது வருகிறது. ஓட்டுகிறவருக்கு அது அநேகமாக வருவதே இல்லை. காரணம், அடுத்த அசைவு எது என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். அதை முடிவு செய்வதே அவர்தான். பின்சீட்டில் இருப்பவருக்கு அதே அசைவு திடீரென்று நிகழ்கிறது. ஒரே கார், ஒரே வளைவு, ஒரே விசை. ஒருவருக்கு அது செயல், இன்னொருவருக்கு அது விபத்து.

என் சந்தோஷம் ஏன் எனக்கு எந்தக் குற்றவுணர்ச்சியும் தரவில்லை என்பதற்கான பதில் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். அதிகாரத்தில் இருப்பவருக்கு அதன் உலுக்கல் தெரியாது. உடம்பே மறைத்துவிடும். அலுவலகத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன்: நடு வாரத்தில் திட்டத்தை மாற்றும் மேனேஜருக்கு அது ஒரு உற்சாகமான திருப்பம், கீழே இருக்கும் எங்களுக்குத்தான் குமட்டல்.

இன்ஜினியர் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு. அதை 40 கி.மீ. வேகத்தில் எடுத்தால் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் சுமார் 0.42 பங்கு. 30 கி.மீ. என்றால் 0.24. விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் பத்து கி.மீ. குறைத்தாலே கிட்டத்தட்ட பாதியாகிவிடுகிறது. அது ஒரு கால்வட்டத் திருப்பம் என்றால் நான் இழக்கும் நேரம் சுமார் ஒன்றரை விநாடி. அம்மாவின் எலுமிச்சம்பழத்துக்கு நான் போட்ட விலை அவ்வளவுதான்.

5

அப்படியென்றால் ஒரு ஆட்டோமேட்டிக் வாங்கிவிட்டு, என் ஆசையை விட்டுக்கொடுத்துவிடவேண்டுமா? தியாகம் நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் பதில். ஆனால் அது கேள்வியைத் தீர்க்கவில்லை. ஆட்டோமேட்டிக்கிலும் ஒருவரைக் குமட்ட வைக்கலாம். ஓஎம்ஆர் ரோட்டில் தினமும் நடக்கிறது. பிரச்சினை கியரில் இல்லை.

இன்பத்தைத் தனியாக எடைபோட முடியாது, அது எந்தச் செயலைத் தொற்றிக்கொண்டு வருகிறதோ அந்தச் செயலின் தகுதிதான் அதன் தகுதி என்கிறார் அரிஸ்டாட்டில், ‘நிகோமாக்கிய அறவியல்’ பத்தாம் புத்தகத்தில். சரி, என் செயல் எது? வண்டியைக் கையாள்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஆள் இருக்கும்போது அது உண்மையில்லை. அப்போது நான் செய்வது மனிதர்களைக் கொண்டுபோவது. வண்டியைக் கையாள்வது அதன் ஒரு பகுதி. முழுச் செயலின் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் அதன் ஒரு பகுதியில் திளைத்துக்கொண்டிருந்தேன்.

அகநானூற்றின் நான்காவது பாட்டில் தலைவன் தேரில் வீடு திரும்புகிறான். அவசரம் இல்லாமல் இல்லை. கார்காலம் வந்துவிட்டது, அவள் காத்திருக்கிறாள். ஆனால் வழியில் பூக்களில் துணையோடு தங்கியிருக்கும் தேனீக்கள் கலங்கிவிடக் கூடாது என்று தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். கல்லூரியில் இதை வெறும் மென்மையாகப் படித்தோம். எனக்கு இப்போது அது ஓட்டும் நுட்பமாகத் தெரிகிறது. அவன் தேரை விட்டு இறங்கவில்லை, குதிரையை மாற்றவுமில்லை. தனக்குக் கேட்கும் மணிச் சத்தம் இன்னோர் உயிருக்கு என்னவாக இருக்கும் என்று ஒரு கணம் யோசித்திருக்கிறான்.

இதை ஒப்புக்கொண்டாலும் ஒரு மிச்சம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. பின்சீட்டில் இருப்பவர் அறியாதபடி கியர் மாற்றுவது, மூன்றாம் கியரில் வளைவை விளையாட்டாக எடுப்பதற்கு முழுமையான மாற்று இல்லை. இரண்டும் திறமை, இரண்டாவதில் கொஞ்சம் பொறுக்கித்தனம் இருக்கிறது, அதுவும் எனக்கு வேண்டும். அதற்கு யாரையும் கூட்டிக்கொண்டு போகாமல் இருப்பதுதான் வழி.

6

ஷோரூம்களில் நான் செய்தது ஒன்றே ஒன்று. டெஸ்ட் டிரைவுக்கு மனைவியை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். “சார், நீங்க ஓட்டலையா?” என்று ஒரு விற்பனையாளர் இரண்டு தடவை கேட்டார். ஸ்விஃப்டில் சந்தோஷம் நிறைய, முட்டிக்கு இடம் குறைவு. அதன் வீல்பேஸ் 2450 மி.மீ. வர்டஸ் 2651 மி.மீ., இடத்துக்குக் குறைவில்லை, விலைதான் எங்களுக்கு எட்டவில்லை. கடைசியில் இரண்டாம் கையாக ஒரு ஹோண்டா சிட்டி. 2600 மி.மீ., ஆறு கியர், மேனுவல். என் ஸ்ப்ரெட்ஷீட்டில் முதலிடத்தில் இருந்த வண்டி அல்ல. கிளட்ச் இலேசு, மனைவியும் ஓட்டுகிறாள், சொல்லப்போனால் என்னைவிடச் சீராக.

ஞாயிற்றுக்கிழமை அஞ்சரை மணிக்கு வண்டலூர்–கேளம்பாக்கம் ரோட்டில் தனியாக ஒரு சுற்று போய்வருகிறேன். அது என் பங்கு.

போன மாதம் செங்கல்பட்டு போய் அம்மாவை அழைத்துவந்தேன். வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். பின்சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் கண்ணாடியில் அடிக்கடி பார்த்தேன். மறைமலை நகர் தாண்டும்போது தலை சாய்ந்திருந்தது. குமட்டலோ என்று பயந்துபோனேன். பெருங்களத்தூரில் ஒரு பஸ் ஹாரன் அடித்ததும் திடுக்கிட்டு விழித்தார்.

“எங்கடா இருக்கோம்? சிங்கப்பெருமாள் கோயில் வந்துடுச்சா?”