ஓடுகிற டெக்

எங்கள் தெருவில் படம் ஓடும் டெக் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. 1980-களின் நடுவிலும் அப்படித்தான் இருந்தது. இடையில் வீட்டுக்கு வீடு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. எடைக்குப் போட்டவர்கள், பரணில் ஏற்றி மறந்தவர்கள், டி.வி.டி. பிளேயர் வாங்கும்போது எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டவர்கள் என்று எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள, பெரியப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்த பெட்டி மட்டும் பாளையங்கோட்டையில் இன்னும் ஓடுகிறது. ஆரம்பத்தில் எனக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. இப்போது இருப்பதைப் பெருமை என்று சொல்ல முடியாது.

ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். டெக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1976-இல். சோனியின் பீட்டாமேக்ஸ் அதற்கு ஒரு வருடம் மூத்தது. 1982 டெல்லி ஆசியப் போட்டியை ஒட்டிக் கலர் டி.வி. வந்ததும், வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊர் திரும்புகிறவர்களின் பெட்டிகளில் டெக்கும் வர ஆரம்பித்தது. நேஷனல், அகாய் என்று கம்பெனிப் பெயரைச் சொன்னாலே யார் வீடு என்று தெருவுக்கே தெரியும். அப்புறம் வாடகைக் கடைகள் வந்தன. டெக், கலர் டி.வி., கூட மூன்று கேசட், ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று கணக்கு. கோயில் கொடை, சடங்கு வீடு, கல்யாணத்துக்கு முந்தின இரவு என்று எங்கும் டெக் போட்டார்கள். மூன்றாவது படம் முடிகிறபோது முழித்திருப்பது கடைப் பையன் மட்டும்தான். தியேட்டர்காரர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். வீடியோ கேசட் மூலம் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்த 1984-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது.

எங்களுடையது வெறும் பிளேயர் இல்லை, ரெக்கார்டர். பெரியப்பாவுக்கு அதில்தான் கர்வம். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', கிரிக்கெட், உயர ஆன்டெனாவில் கடல் தாண்டி வந்து விழும் ரூபவாஹினி என்று கையில் கிடைத்ததைப் பிடிப்பார். கேசட் விலை அன்றைக்கு அதிகம். வீட்டில் இருந்தவை கொஞ்சம்தான். அதனால் புதிதாக ஒன்றைப் பிடிக்கப் பழையதில் ஒன்று போயாக வேண்டும். எதை அழிக்கலாம் என்று வீட்டில் பெரிய சண்டையே நடக்கும். ரெக்கார்ட் பட்டனை அழுத்தினால் நாடா முதலில் அழிக்கிற ஹெட்டைக் கடந்து, அதன் பிறகுதான் எழுதுகிற ஹெட்டுக்கு வரும். அப்படித்தான் அந்தப் பெட்டியைச் செய்திருக்கிறார்கள்.

மூடியைக் கழற்றி ஓட விட்டுப் பார்த்தால் யாருக்கும் பிரமிப்பு வரும். கேசட்டை உள்ளே தள்ளியதும் இரண்டு சிறு தூண்கள் நாடாவை வெளியே இழுத்து, சாய்ந்து நிற்கும் ஓர் உலோக உருளையைச் சுற்றி அணைத்துப் பிடிக்கும். நாடா நொடிக்கு இரண்டரை சென்டிமீட்டர்கூட நகராது. உருளையோ நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும். அதில் பதித்த, கண்ணுக்கு எளிதில் தெரியாத இரண்டு ஹெட்கள் நாடாவில் சாய்வாகக் கோடு கோடாகப் படத்தைப் படிக்கும். ஒரு கோட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. மூன்று மணி நேரக் கேசட்டில் சுமார் 250 மீட்டர் நாடா. இத்தனை நுணுக்கத்தையும் கடைசியில் தாங்கி நிற்பது நாலைந்து ரப்பர் சாமான்கள்: பெல்ட், பின்ச் ரோலர், ஐட்லர். ரப்பர் இறுகிப்போனால் வழுக்கும். வழுக்கினால் சுருள் நாடாவை வாங்கிக்கொள்ளாது. வெளியே வந்த நாடா உள்ளேயே குவிந்து கசங்கும். 'டெக் நாடாவைத் தின்னுட்டு' என்று சொல்வது இதைத்தான்.

எங்கள் டெக்கைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணாச்சி டெக் வேலையை எப்போதோ விட்டுவிட்டார். இப்போது எல்.இ.டி. டி.வி. போர்டுதான் பார்க்கிறார். என்னைக் கண்டால் ஒரு சலிப்பு, கூடவே ஒரு சந்தோஷம். ஒருமுறை ஐட்லர் சக்கரத்தின் ரப்பர் வளையம் வழவழத்துப் போனது. புது வளையம் சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கவில்லை. அண்ணாச்சி அந்தச் சின்ன வளையத்தை நகத்தால் நெம்பிக் கழற்றினார். சட்டையைத் திருப்புகிற மாதிரி உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி மாட்டினார். உள்பக்கம் இத்தனை வருடமும் தேயாமல் சொரசொரப்பாக இருந்தது. டெக் ஓடியது. ஹெட்டைத் துடைப்பதற்கும் அவர் கை தனி. பஞ்சைக் கிட்டே விடமாட்டார். நார் மாட்டினால் ஹெட் உடைந்துவிடும். வெள்ளைக் காகிதத்தை நான்காக மடித்து, ஸ்பிரிட்டில் நனைத்து, உருளைமேல் அசையாமல் வைத்துக்கொண்டு உருளையை மட்டும் கையால் மெல்லச் சுற்றுவார். "மேலயும் கீழயும் மட்டும் தேய்ச்சிராதீய அண்ணாச்சி, அத்தோட தீந்தது" என்று ஒவ்வொரு தடவையும் எனக்கு எச்சரிக்கை. அவர் எனக்கு அண்ணாச்சி, நான் அவருக்கு அண்ணாச்சி. எங்கள் ஊரில் இது சகஜம்.

ரப்பரைத் திருப்பிப் போடலாம். செத்த டெக்கிலிருந்து பின்ச் ரோலரைக் கழற்றலாம். ஹெட் தேய்ந்தால் மாற்று இல்லை. உலகத்தில் கடைசியாக இந்தப் பெட்டியைச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. வாங்க ஆள் குறைந்தது ஒரு காரணம். உதிரி பாகம் கிடைக்காதது இன்னொரு காரணம். செய்கிறவனுக்கே கிடைக்காத சாமான் பாளையங்கோட்டைக்கு எப்படி வரும்? ஆக, ஒவ்வொரு கேசட்டைப் போடும்போதும் அந்த ஹெட்டின் மிச்ச ஆயுளில் கொஞ்சம் செலவாகிறது. செலவு உண்டு, வரவு கிடையாது.

இங்கேதான் எனக்குச் சிக்கல் தொடங்கியது. டெக் ஓடுகிறது என்ற செய்தி சொந்தத்தில் பரவியதும் ஆட்கள் கேசட்டோடு வர ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் கல்யாணக் கேசட். சிலர் சினிமாக் கேசட்டைக்கூடக் கொண்டுவந்தார்கள். 'இணையத்தில் இதைவிட நல்ல பிரதி இருக்கிறது' என்று திருப்பி அனுப்பினேன். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் கல்யாணக் கேசட்டுகளில் யாருடையதை முதலில் போடுவது? பெரியவர் உயிரோடு இருக்கும்போதே பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கா, இறந்துபோனவரைப் பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கா? ஏற்கெனவே பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்த பிறகும், 'டெக்குல பாத்தாத்தான் பாத்த மாதிரி இருக்கு' என்று மறுபடி வந்து நிற்கும் மதினியிடம் என்ன சொல்வது? பெட்டி என்னுடையது, கரண்ட் பில் என்னுடையது, ஆனாலும் முடிவு என்னுடையது என்று வாய் கூசாமல் சொல்ல முடியவில்லை. ஊரில் ஒன்றுதான் மிச்சம் என்று ஆகிவிட்ட பொருளை, அதை வைத்திருப்பவன் தன் சௌகரியப்படி நடத்த முடிவதில்லை. வேண்டாம் என்று தூக்கிப் போடும் உரிமைகூட மெல்லக் கைநழுவிப் போகிறது.

மறுப்பதிலும் தர்மசங்கடம் இருக்கிறது. நம் ஊர் ஈரத்துக்கும் பூட்டிய பீரோவுக்கும் கேசட்டில் பூஞ்சை வைக்கும். கேசட்டின் ஜன்னல் வழியே பார்த்தால் சுருளின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருப்பது தெரியும். அதை அப்படியே போட்டால் பூஞ்சைத் தூள் ஹெட்டில் அப்பும். அடுத்து வருகிறவருடைய கேசட்டுக்கும் ஒட்டும். ஓர் அத்தையின் கேசட்டை அதனால் போட மறுத்தேன். "எல்லாருக்கும் போடுத, எனக்கு மட்டும் பூஞ்சையா?" என்றாள். கேசட்டின் ஐந்து திருகாணிகளைக் கழற்றி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, நாடாவைக் கையால் சுற்றிச் சுற்றித் துடைத்த பிறகுதான் அத்தை என்னோடு பழையபடி பேசினாள்.

இந்தக் கேசட்டுகளில் இருப்பது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். தலைமேல் கன் லைட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன், பின்னால் கேமராக்காரர், பந்தியில் சாப்பிடுகிறவர்கள் கூசிப்போய் இலையைப் பார்ப்பது, மிக்ஸிங்கில் தாமரைக்குள் சுழலும் மணமக்கள். எல்லாவற்றுக்கும் மேல் சினிமாப் பாட்டு. அந்நாளைய வீடியோக்காரர்கள் மண்டபத்துச் சத்தத்தை எடுத்துவிட்டு முழுக் கேசட்டுக்கும் பாட்டைப் போட்டுவிட்டார்கள். அதுதான் தரம் என்று எல்லோரும் நினைத்தோம். இப்போது அப்பா குரலைக் கேட்க வேண்டும் என்று வருகிறவருக்கு அப்பாவின் வாய் அசைவது தெரியும். கேட்பது என்னவோ அந்த வருடத்துச் சினிமாப் பாட்டு. அபூர்வமாக ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வீடியோக்காரர் கவனிக்காமல் விட்ட சில நொடிகளில், "சாம்பார் இங்க வரலயே" என்று யாரோ கத்துவது கேட்கும். கேசட்டிலேயே விலை மதிப்பில்லாத இடம் அதுதான். ஒரு வாத்தியார் வீட்டுப் பையன் அந்தச் சில நொடிகளைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னபோது, ஹெட் தேய்கிறதே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சீக்கிரம் பிரதி எடுத்துவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-லேயே, காந்த நாடாக்களைக் காப்பாற்ற 2025-தான் கெடு என்று எச்சரித்தது. நாடா கெடுவது மட்டும் காரணமில்லை. அதை ஓட்டும் பெட்டியும் அதைப் பழுதுபார்க்கும் ஆளும் இல்லாமல் போவார்கள் என்பதே பெரிய காரணம். அண்ணாச்சிக்கு இதைச் சொன்னேன். "என்னையும் சேத்துத்தான் சொல்லிருக்கான்" என்றார். ஆனால் ஹார்டு டிஸ்க் மீது எனக்கு முழு நம்பிக்கையும் இல்லை. டெக் சாகப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லும். படத்தில் வெள்ளைக் கோடு விழும், குரல் இழுக்கும், கரகரவென்று சத்தம் வரும். ஹார்டு டிஸ்க் நேற்று வரை நன்றாக இருந்துவிட்டு இன்று காலை பேசாமல் கிடக்கும். அதைத் திறந்து ரப்பரைத் திருப்பிப் போட முடியாது.

போன வருடம் என் அக்கா முறையுள்ள ஒருத்தி, தன் மகளுடைய கல்யாணக் கேசட்டைக் கொண்டுவந்தாள். 1990-களின் கடைசியில் நடந்த கல்யாணம். அது முறிந்து வெகுகாலம் ஆகிறது. மகள் சென்னையில் தனியாக இருக்கிறாள். அக்காவுக்கு வேண்டியது கல்யாணம் இல்லை. அதில் ஆச்சி இருக்கிறாள். ஆச்சி நடமாடுகிற ஒரே படம் அதுதான். நான் பிரதி எடுக்கத் தயாரானபோது மகளிடமிருந்து போன் வந்தது. "மாமா, அதக் காப்பி எடுக்காதீங்க. அழிச்சிருங்க. உங்க டெக்குல அழிக்கவும் முடியும்ல?"

முடியும். கேசட்டின் முதுகில் உடைத்துவிட்ட சின்னப் பிளாஸ்டிக் பட்டை இருந்த ஓட்டையை ஒரு துண்டு டேப் ஒட்டி மூடினால் போதும். எதன் மேலும் எதையும் எழுதலாம். இத்தனை வருடம் டெக்கைக் காப்பாற்றுகிறவனாக மட்டும் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். எதை மிச்சம் வைப்பது என்ற பெரியப்பா காலத்துச் சண்டை எனக்கு ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் இருந்தது. முகம் அவளுடையது. அதை யார் பார்க்கலாம் என்று சொல்ல அவளுக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு? அதே நாடாவில் ஆச்சியும் இருக்கிறாளே, அவள் யாருக்குச் சொந்தம்? பதிவுகளைக் காப்பாற்றுவது எப்போதுமே நல்ல காரியம் என்று பேசுகிறவர்கள் இப்படி ஒரு கேசட்டைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

ஆச்சி வரும் இடத்தை மட்டும் தேடி எடுத்தேன். முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கன் லைட் பட்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறாள். வெளிச்சம் போய்விட்டது என்று நினைத்து முந்தானையை இறக்கி, பக்கத்தில் இருப்பவளிடம் ஏதோ சொல்லிப் பொக்கை வாய் திறந்து சிரிக்கிறாள். பின்னணியில் நாதஸ்வரம்கூட இல்லை, டூயட் பாட்டு. அந்தத் துண்டை மட்டும் அக்காவுக்குக் கொடுத்தேன். அக்காவுக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. கேசட்டை மகள் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அவள் கையிலேயே கொடுத்தேன்.

புரட்டிப் பார்த்துவிட்டு, "இத வச்சு நான் என்ன மாமா செய்ய? என்கிட்ட டெக் இல்லியே" என்றாள்.

"பாக்கணும்னாலும் இங்கதான் வரணும், அழிக்கணும்னாலும் இங்கதான் வரணும். என்னைக்கு வேணா வா. அவசரமில்ல."

பையில் போட்டுக்கொண்டு போனாள். அவசரமில்லை என்று நான் சொன்னது முழு உண்மை இல்லை. பின்ச் ரோலர் பளபளக்க ஆரம்பித்திருக்கிறது. நைஸ் எமரித் தாளில் ஒருமுறை உரசியாயிற்று. தென்காசிப் பக்கம் ஒருவரிடம் ஓடாத டெக் ஒன்று கிடக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும்.