நம்பும் உரிமை

ஒரு கருவி சரியாக இயங்கும் என்று நம்ப நமக்கு எப்போது உரிமை வருகிறது? ஆங்கிலேயக் கணித அறிஞர் வில்லியம் கிளிஃபர்டு 1877இல் எழுதிய ‘நம்பிக்கையின் அறம்’ என்ற கட்டுரை இத்தகைய கேள்வியோடுதான் மல்லுக்கு நிற்கிறது. அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். பழைய கப்பல் தாங்குமா என்ற ஐயம் அவருக்கு எழுகிறது. எத்தனையோ முறை போய்த் திரும்பிய கப்பல்தானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு பயணிகளை ஏற்றி அனுப்பிவிடுகிறார். கப்பல் மூழ்கினால் அவர் குற்றவாளி என்பதை எல்லாரும் ஒப்புவார்கள். பத்திரமாகக் கரை சேர்ந்தாலும் அவர் குற்றவாளியே என்கிறார் கிளிஃபர்டு. கையிலிருந்த சான்றை வைத்து அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை. பேஸ்மேக்கர், பிரேக், ராக்கெட் ஆகியவற்றுக்குள் ஓடும் எம்பெடட் மென்பொருளை எழுதுகிறவர்கள் இன்று அந்த முதலாளியின் இடத்தில் இருக்கிறார்கள். நிரலுக்கு முன்பே சோதனையை எழுதும் முறை அவர்களுக்கு அந்த உரிமையைத் தேடித்தரும் நேர்மையான வழி என்று நான் கருதுகிறேன்.

மென்பொருள் பொறியாளர் கென்ட் பெக் 2002இல் நூலாக்கிய இம்முறையை, ஜேம்ஸ் கிரென்னிங் 2011இல் சி மொழியில் எழுதும் எம்பெடட் நிரலர்களுக்காக விரித்து எழுதினார். முதலில் ஒரு சிறு சோதனை, அது தோற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு அது வெல்லும் அளவுக்கு மட்டும் நிரல், அதன்பின் சீர்திருத்தம். இந்த வரிசையில்தான் அறம் இருக்கிறது. நிரலை முடித்துவிட்டுச் சோதனை எழுத உட்கார்ந்தால், கையிலிருக்கும் விடைக்கு ஏற்றபடி கேள்வி வளைந்துவிடும். ஒருமுறை தோற்றுக் காட்டிய சோதனையோ ‘இல்லை’ என்று சொல்லத் தெரிந்த சோதனை. எந்த முடிவாலும் பொய்யாக்க முடியாத கூற்று அறிவியல் ஆகாது என்று தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் வாதிட்டதும் இதையொட்டியே. சோதனையால் பிழை இருப்பதைக் காட்டலாம், இல்லாமையைக் காட்ட முடியாது என்ற கணினி அறிஞர் டைக்ஸ்ட்ராவின் மறுப்பு உண்மைதான். ஆனால் அனுபவ அறிவு முழுவதற்குமே அந்த எல்லை உண்டு. கிளிஃபர்டு கேட்டதும் முற்றுறுதியை அன்று, நேர்மையான விசாரணையைத்தான்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. வன்பொருள் தயாராகும் முன்பே வேலை நடக்க வேண்டியிருப்பதால், சென்சாருக்கும் கடிகாரத்துக்கும் பதிலாகப் போலிகளை வைத்து மேசைக் கணினியில் சோதிக்கிறார்கள். போலியை எழுதியவரும் நிரலை எழுதியவரும் ஒருவரே என்றால், அவருடைய தவறான புரிதல் இரண்டிலும் ஏறிவிடும்; சோதனை வெல்லும், கருவி தோற்கும். 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம் 40 வினாடிக்குள் சிதறி முடிந்ததில் இந்த அபாயத்தின் முகம் தெரிகிறது. ஏரியன் 4இல் குறையின்றிப் பறந்த திசையறி மென்பொருள் அதில் அப்படியே ஏற்றப்பட்டிருந்தது. புதிய ராக்கெட்டின் கிடைத்திசை வேகம் மிக அதிகம். அதனோடு தொடர்புடைய ஓர் எண் 16 பிட் எல்லையான 32,767ஐத் தாண்டியதும் முதன்மைத் திசையறி கருவி, அதன் மாற்றுக் கருவி இரண்டுமே நின்றுபோயின. முழு அமைப்பையும் தரையில் ஒத்திகை பார்த்தபோது அந்தக் கருவியின் இடத்தில் இருந்தது அதன் மென்பொருள் போலி.

இந்த மறுப்பு போலிகளைக் கைவிடச் சொல்லவில்லை. அவற்றை என்னவென்று கொள்ள வேண்டும் என்று கற்பிக்கிறது. போலி என்பது உலகைப் பற்றி நாம் எழுதிவைத்த அனுமானம். அதனால்தான் கிரென்னிங் மேசைக் கணினியில் வென்ற அதே சோதனைகளை உண்மையான போர்டிலும் ஓட்டச் சொல்கிறார். ஏரியனில் சில மாறிகளுக்கு எல்லை மீறலிலிருந்து பாதுகாப்பு வேண்டாம் என்று முடிவெடுத்ததற்கான காரணம் நிரலில் எங்குமே குறிக்கப்பட்டிருக்கவில்லை என்று விசாரணைக் குழு பதிவுசெய்தது. எண் எல்லை மீறினால் என்ன நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு சோதனை எழுதியிருந்தால் ராக்கெட் தப்பியிருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எண் எல்லை மீறாது என்ற அனுமானம் யார் கண்ணிலாவது படும் இடத்துக்கு வந்திருக்கும்.

சான்றுக்குக் காத்திருக்க முடியாத நேரங்களும் உண்டே என்று தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1896இல் கிளிஃபர்டுக்குப் பதில் சொன்னார். கெடு நெருங்கும்போது பொறியாளருக்கும் அந்த வாதம் இனிக்கும். ஆனால் ஜேம்ஸ் அளித்த அனுமதி, அறிவால் தீர்க்க முடியாத, தள்ளிப்போடவும் முடியாத கேள்விகளுக்கு மட்டுமே. ஏரியனின் கேள்வி அப்படிப்பட்டதன்று: ஏரியன் 5இன் பறப்புப் பாதைக்கு ஏற்ற சமிக்ஞைகளைக் கொடுத்து அதன் திசையறி கருவியைத் தரையிலேயே சோதித்திருக்க முடியும், சோதித்திருந்தால் பிழை வெளிப்பட்டிருக்கும் என்பது விசாரணைக் குழுவின் முடிவு.