காக்கையின் கணக்கு

பகிர்ந்துண்ணும் குணத்துக்குக் காக்கையை உதாரணம் காட்டுவது நம் வழக்கம். ஆனால் அம்பத்தூரில் ஒரு மாதம் குடியிருந்து அதைக் கவனித்தவர்களுக்கு இந்தப் புகழ்ச்சி சற்று உறுத்தும். தொழிற்பேட்டை டீக்கடை வாசலில் விழுந்த வடைத் துண்டைக் கவ்விய காக்கை யாரையும் அழைப்பதில்லை. தின்றது போக மிஞ்சியதை ஓட்டின் இடுக்கில் செருகி, சருகை இழுத்து மூடியும் வைக்கிறது. மற்றப் பறவைகளின் முட்டையைத் திருடுவதும் அதுதான். மதில்மேல் கவளச் சோறு வைத்தால் மட்டும் ஊரைக் கூட்டுகிறது!

ஏன் கூட்டுகிறது? பெர்ண்ட் ஹைன்ரிக் என்னும் விஞ்ஞானி, அமெரிக்காவின் மெய்ன் காடுகளில் காக்கைக்கு உறவான ரேவன் பறவைகளைப் பனிக்காலத்தில் ஆராய்ந்து 1989-இல் ஒரு நூல் வெளியிட்டார். செத்த விலங்கைக் கண்ட இளம் பறவை தனியே நெருங்கினால், அந்த எல்லைக்கு உரிய ஜோடி விரட்டிவிடும். கூட்டமாய் வந்தால் விரட்ட முடியாது. ஆகவேதான் அது துணை சேர்க்கிறது என்றார் அவர். நம் ஊர்க் காக்கையின் அழைப்பிலும் இப்படி ஏதேனும் சுயலாபம் இருக்கலாம்.

அப்படியானால் அது தர்மமா, தந்திரமா?

பக்கத்து வீட்டு மோட்டார் பழுதானால் ஒரு குடம் தண்ணீர் கொடுக்கிறோம். நாளை நம் மோட்டாரும் பழுதாகலாம் என்ற நினைப்பு உள்ளே இருக்கத்தான் செய்கிறது. அதனால் அந்தத் தண்ணீர் தாகம் தீர்க்காமல் போய்விடுமா? வள்ளுவர் இதற்குக் கூச்சப்படவில்லை. காக்கையைத் துறவறத்தில் வைக்காமல், பொருட்பாலில் சுற்றந்தழால் அதிகாரத்தில் வைத்தார். அத்தகைய குணமுடையவர்களுக்கே செல்வமும் சேரும் என்று லாபத்தையும் சேர்த்தே சொன்னார்.

ஆகவே, கணக்குப் பார்த்துக் கொடுப்பதைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கணக்கு எதுவரை செல்லும் என்பதே என் கவலை. காக்கை தன் இனத்தைத்தான் அழைக்கிறது. அதே சோற்றுக்கு அணில் வந்தால் கொத்த வருகிறது. நம் வாசலிலும் ஒருநாள், கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுத் தொழிலாளி வெறும் பாட்டிலோடு நிற்கிறான். அவன் மொழி நமக்குத் தெரியாது; அடுத்த மாதம் அவன் எந்த ஊரில் இருப்பானோ! அவனிடமிருந்து திரும்பி வர எதுவுமில்லை.

அந்தப் பாட்டிலை நிரப்பலாமா வேண்டாமா என்று காக்கை நமக்குச் சொல்லித் தராது. அதை மனிதன்தான் முடிவு செய்ய வேண்டும்.