ஆர்.சி. புத்தகத்தில் இல்லாதவர்கள்

ஒரு பொருள் யாருடையது என்ற கேள்விக்கும், அந்தப் பொருளின் வரலாறு யாருடையது என்ற கேள்விக்கும் ஒரே பதில்தானா?

பழைய லாரிகளைத் தேடிப்பிடித்து, துருவெடுத்து, பெயிண்ட் அடித்துப் புதுசாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். காசு இருக்கிறது, செய்கிறார்கள். அதில் நமக்குப் பேச்சில்லை. ஆனால் 'வண்டியோட சரித்திரத்தையே எடுத்துட்டோம்' என்று சொல்லும்போது நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது.

எப்படி எடுக்கிறார்கள்? சேஸிஸில் தட்டியிருக்கும் எண்ணைச் சுரண்டிப் படிக்கிறார்கள். எம்.எஸ். என்று தொடங்கும் நம்பரைப் பார்த்ததும் மதராஸ் மாநிலக் காலத்து வண்டி என்கிறார்கள். டாடா வண்டியின் முகப்பில் பென்ஸ் நட்சத்திரம் இருந்தால், டெல்கோவுக்கும் டைம்லர் பென்ஸுக்கும் 1954ல் தொடங்கி 1969ல் முடிந்த ஒப்பந்தக் காலத்தில் செய்தது. அப்புறம் ஆர்.சி. புத்தகம். முதல் உரிமையாளர், தகப்பனார் பெயர், விலாசம். எப்போது யாருக்குக் கைமாறியது, எந்தக் கடன்காரரிடம் அடகில் இருந்தது. ஐந்தாறு பெயர்கள். சில பெயர்களுக்குப் பின்னால் சாதியும் வால்போல ஒட்டிக்கொண்டிருக்கும். அதோடு சரித்திரம் முடிஞ்சிபோச்சு.

ஓட்டியவன் யார், கிளீனராகக் கிடந்தவன் யார், மூட்டை ஏற்றியவன் யார் என்று எழுத அந்தப் புத்தகத்தில் கட்டமே கிடையாது. வேறு ஏட்டிலாவது இருக்குமா? 1961ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒருநாளைக்கு எட்டு மணிநேர வேலை என்றது. ஆனால் ஐந்து தொழிலாளியாவது இருக்கும் நிறுவனத்துக்குத்தான் அது தானாகப் பொருந்தியது. ஒத்த லாரி வைத்திருந்த முதலாளிக்கு என்ன ஏடு, என்ன கணக்கு? கூலி கையில் கொடுத்தார்கள். கணக்கு வாயில் இருந்தது. வாய் செத்ததும் கணக்கும் செத்தது.

இன்னொன்றும் சொல்கிறார்கள்: 'கம்பெனியில இருந்து வந்த மாதிரியே ஆக்கிட்டோம்.' இது உண்மையானால் சிரிப்புதான் வரும். நம் ஊரில் ஓடிய லாரிகளில் பெரும்பாலானவை கம்பெனியிலிருந்து முழு லாரியாக வரவில்லை. எஞ்சினும் சேஸிசும் முன்மூடியுமாக வந்தன. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைகளில்தான் கேபினும் பாடியும் கட்டினார்கள். நாம் கண்ணால் பார்த்து 'லாரி' என்று சொல்வதில் பாதிக்குமேல் தச்சரும் கொல்லரும் டிங்கரும் பெயிண்டரும் செய்தது. கம்பெனிப் பெயரைத் தகட்டில் அடித்து மாட்டினார்கள். இந்தக் கைகளுக்குத் தகடு ஏது?

என் அப்பா கிளீனராகப் போனவர். பண்ணையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் லாரி ஏறினான். 'ஊரைத் தாண்டினாத்தான்டா மூச்சு வந்துச்சு' என்பார். ரோட்டில் யாருக்கும் அவரைத் தெரியாது. டீக்கடையில் எல்லோருக்கும் கொடுக்கிற கிளாஸில் குடித்தார். 'எந்த ஊரு தம்பி, எந்தத் தெரு?' என்று கேட்கும்வரைக்கும்தான் அந்தச் சுகம். ராத்திரி வண்டிக்கடியில் படுப்பார். நூறு கிலோ சர்க்கரை மூட்டை தூக்கியதில் முதுகு போனது. ஒரு முதலாளியும் மருந்துக்குக் காசு தரவில்லை. பழைய வண்டியைப் பளபளப்பாக நிறுத்தியிருக்கிற படத்தைக் காட்டினேன். 'இரும்புக்குப் போட்டிருக்கலாம்ல' என்றார். ஏக்கம் வைத்திருந்தவருக்கு அது வாகனம். முதுகு வைத்திருந்தவருக்கு அது பாரம். ஆனால் அவர் மூச்சு விட்டதும் அதே வண்டியில்தான். இதில் எந்தப் பாதியை எழுதுவது? ரெண்டையும்தான்.

பத்திரத்தில் பெயர் இருப்பது வெறும் சொத்து விவகாரமல்ல. அது ஒருவருக்கு நற்சான்றிதழாகவே மாறிவிடுகிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் குடிசையோடு எரித்தார்கள். 1970களில் மிராசுதார்களை விடுவித்த சென்னை உயர் நீதிமன்றம் என்ன சொன்னது? இவர்கள் பெரும் நிலமுள்ள பணக்காரர்கள், ஒருவர் கார்கூட வைத்திருப்பவர், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்றது. கார் சாட்சி சொன்னது. எரிந்தவர்களிடம் அப்படிச் சாட்சி சொல்ல எந்த வாகனமும் இல்லை.

'காசு கொடுத்து வாங்கினவன் அவன், அவன் இஷ்டம்' என்று சிலர் கேட்கலாம். வண்டி அவருடையதுதான், மறுக்கவில்லை. வரலாறு என்ற சொல்லை மட்டும் அவரால் விலைக்கு வாங்க முடியாது. வரலாறு எழுதுகிறேன் என்று வாயைத் திறந்தவருக்கு ஒரு கடமை வந்துவிடுகிறது: சொத்து கைமாறிய கதையோடு, உழைப்பு கைமாறிய கதையையும் கேட்க வேண்டும்.

அது முடியாத காரியமல்ல. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நாலுமுறை அலைகிறவர் சேரிப்பக்கம் ஒருமுறை வரலாம். லாரி செட்டிலும் பட்டறை வாசலிலும் வயசானவர்கள் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். தேய்ந்த பெடலை மாற்றுவதற்கு முன்னால், அதைத் தேய்த்த கால் யாருடையது என்று கேட்கலாம். கிடைக்கிற பெயரை எழுதி வண்டியிலேயே மாட்டலாம். பெயர் கிடைக்கவில்லையென்றால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். பெயிண்ட் அடித்து மூடாதீர்கள்.